குறியீட்டு எண் 21: நாட்டின் வேலைக்கணக்கை வாசித்தல்



2011-12ஆம் ஆண்டில் இந்தியாவின் வேலையின்மை விகிதம் எவ்வளவு என்று கேட்டால் மூன்று விடைகள் உண்டு: 2.2 விழுக்காடு, 3.7 விழுக்காடு, 5.6 விழுக்காடு. மூன்றும் சரியான விடைகளே. மூன்றையும் வெளியிட்டது தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அலுவலகம். அதே வீடுகளுக்குப் போய், அதே மனிதர்களைப் பற்றிக் கேட்டு எழுதிய படிவங்களிலிருந்து கிடைத்த எண்கள் இவை. ஆனாலும் பெரிய எண் சிறிய எண்ணைப் போல் இரண்டரை மடங்கு. எதை எடுத்துப் பேசுவது என்பதை அவரவர் வசதிக்கு விட்டுவிட்டால், அரசை ஆதரிப்பவர் முதல் எண்ணையும் எதிர்ப்பவர் கடைசி எண்ணையும் எடுத்துக்கொள்வார்கள். நம் தொலைக்காட்சி விவாதங்களில் பெரும்பாலும் நடப்பது அதுதான். அந்தச் சண்டைக்குள் போகாமல், ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் என்ன கேள்வி கேட்கப்பட்டது என்பதை உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

இந்த மூன்று எண்களின் வேர் 1970இல் இருக்கிறது. அந்த ஆண்டில்தான் எம். எல். தாந்த்வாலா தலைமையிலான வல்லுநர் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. அதுவரை ஐந்தாண்டுத் திட்டங்களில் வேலையில்லாதோர் இத்தனை லட்சம் என்று ஒரே தொகையாகக் குறிப்பிடும் வழக்கம் இருந்தது. இந்தியா போன்ற நாட்டில் அப்படி ஒற்றை எண் சொல்வது பொருந்தாது என்றது குழு. பெரும்பாலோர் சொந்த நிலத்திலோ சிறு கடையிலோ கூலியிலோ இருக்கிறார்கள். பருவத்துக்குப் பருவம் வேலை மாறுகிறது. ஒரே ஆள் காலையில் ஒரு வேலையும் மாலையில் வேறொன்றும் செய்கிறார். இவர்களை ‘வேலை உண்டு’, ‘வேலை இல்லை’ என்ற இரண்டே பெட்டிகளில் போட முடியாது. 1972-73இல் தொடங்கிய ஐந்தாண்டுக்கு ஒருமுறைக் கணக்கெடுப்புகள் இந்த அறிவுரையின் வழியில் பலவகை அளவீடுகளை எடுத்துக்கொண்டன. வழக்கமான நிலை, நடப்பு வார நிலை, நடப்பு நாள் நிலை என்று அவற்றுக்குப் பெயர்.

திருவாரூர்ப் பக்கம் விவசாயக் கூலி வேலைக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நடவுக்கு வேலை, களையெடுப்புக்குக் கொஞ்சம், அறுவடைக்கு வேலை, நடுவில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் சில வாரங்கள். கடந்த 365 நாள்களைக் கேட்பது வழக்கமான நிலை. ஆண்டின் பெரும்பகுதியை எதில் கழித்தார் என்று முதலில் பார்க்கிறது. அதில் வேலை என்று வராவிட்டாலும், துணை வேலையாக 30 நாள் செய்திருந்தால் போதும், அவர் வேலையில் இருப்பவர். கடந்த ஏழு நாள்களைக் கேட்பது நடப்பு வார நிலை. அந்த வாரத்தில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர்தான். நடப்பு நாள் நிலை ஒவ்வொரு நாளையும் அரைநாள் அரைநாளாகப் பிரித்துக் கேட்கும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் வேலை கிடைத்து, மற்ற நாள்களில் வேலைக்குத் தயாராக இருந்தும் கிடைக்காமல் போனால், அந்த நாள்கள் வேலையில்லாத நாள்களாகக் கணக்கில் ஏறும். இப்போது 2.2, 3.7, 5.6 என்ற வரிசை ஏன் ஏறுமுகமாக இருக்கிறது என்பது விளங்கும். ஆண்டுக் கண்ணாடியில் தெரியாத வெறும் நாள்கள் நாள் கண்ணாடியில் தெரிகின்றன.

ஒரு மணி நேரம் என்பது பலரைத் திடுக்கிட வைக்கும். இது இந்திய அரசு கண்டுபிடித்த தந்திரம் என்று நினைப்பவர்களும் உண்டு. உலகத் தொழிலாளர் அமைப்பின் கீழ் 1982இல் கூடிய புள்ளியியலாளர் மாநாடு வகுத்த அளவுகோலை ஒட்டியது அது. அதற்குக் காரணமும் உண்டு: ஒரு மணி நேர உழைப்பில் விளைந்த பொருளும் நாட்டின் மொத்த உற்பத்தியில் சேர்கிறது, அதை விளைவித்தவரையும் உழைத்தவர் கணக்கில் சேர்த்தால்தான் இரண்டு கணக்குகளும் ஒன்றோடொன்று பொருந்தும். வேலையிழந்தோருக்கு உதவித்தொகை தரும் நாடுகளில் இந்த அளவுகோல் அதிகம் குழப்பாது. வேலை போனவர் உதவித்தொகை பெற்றுக்கொண்டு வேலை தேடுவார்; கணக்கில் வேலையில்லாதவராகவே தெரிவார். நம்மிடம் அந்த ஏற்பாடு ஏறக்குறைய இல்லை. வேலை போனவர் மறுநாள் காலையில் தள்ளுவண்டியில் எதையாவது வைத்து விற்கக் கிளம்பிவிடுவார். புள்ளிவிவரத்தில் அவர் வேலையில் இருப்பவர். பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1936இலேயே இதை மறைமுக வேலையின்மை என்று எழுதினார். அவர் நினைத்தது பொருளாதார மந்தத்தில் வேலையிழந்து லண்டன் தெருவில் தீப்பெட்டி விற்க வந்தவர்களை.

எனவே வேலையின்மை விகிதம் குறைவாக இருப்பதே நல்ல நிலை என்று எடுத்துக்கொள்ள முடியாது. 2023-24ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கேரளத்தின் விகிதம் 7 விழுக்காட்டைத் தாண்டியது. மத்தியப் பிரதேசத்தில் 1 விழுக்காடு அளவில்தான் இருந்தது. தமிழ்நாடு இடையில், 3.5. வேலை தேடிக் கேரளத்தவர்கள் மத்தியப் பிரதேசத்துக்கு ரயிலேறுவதில்லை. படித்த பிள்ளையைத் தகுந்த வேலை கிடைக்கும்வரை வீட்டில் வைத்துச் சோறு போட முடிகிற குடும்பத்தில்தான் வேலையில்லாதவர் இருக்க முடியும். உலகத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட 2024ஆம் ஆண்டின் இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை இதை எண்ணில் சொல்கிறது. 2022இல் இளைஞர்களுள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையே வேலையின்மை 3.4 விழுக்காடு; பட்டதாரிகளிடையே 29.1. படிப்பு வேலையைக் கெடுக்கிறது என்று இதற்குப் பொருள் சொன்னால் தவறு. படிக்காத ஏழைக்குக் காத்திருக்க வழியில்லை. கிடைத்த கூலிக்குக் கிடைத்த வேலையில் இறங்குகிறார். பட்டதாரி காத்திருக்கிறார். அந்த 29.1இல் வீட்டாரின் சேமிப்பும் கடனும் கரைவதை நாம் மறந்துவிடக் கூடாது.

விகிதத்தின் கீழ் எண்ணையும் பார்க்க வேண்டும். வேலையின்மை விகிதம் மொத்த மக்களை வைத்துக் கணக்கிடுவதில்லை. வேலையில் இருப்போர், வேலை வேண்டுவோர் ஆகிய இருவரைச் சேர்த்த தொழிலாளர் படைதான் வகுக்கும் எண். ஓர் ஊரில் 100 பேர். 45 பேர் வேலையில், 5 பேர் வேலை தேடுகிறார்கள். தொழிலாளர் படை 50. வேலையின்மை 10 விழுக்காடு. தேடியவர்களில் மூன்று பேர் அலுத்துப்போய்த் தேடுவதை விட்டுவிடுகிறார்கள். படை 47 ஆகிறது, தேடுபவர் 2, விகிதம் 4.3 விழுக்காடு. ஒருவருக்கும் புதிதாக வேலை கிடைக்கவில்லை, ஆனால் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆகவே வேலையின்மை விகிதத்தைத் தனியே யார் சொன்னாலும், கூடவே தொழிலாளர் பங்கேற்பு விகிதம் என்ன என்று கேளுங்கள். அடுத்த கேள்வி அதைவிட முக்கியம்: வேலையில் இருப்பதாகச் சொல்லப்படுபவர்கள் என்ன வேலையில் இருக்கிறார்கள்?

அதற்குத்தான் குறியீட்டு எண்கள். 2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் ஒவ்வொருவர் பெயருக்கு நேரேயும் இரண்டு இலக்கம் எழுதப்படுகிறது. சொந்தமாகத் தொழில் செய்பவர் 11. ஆள் வைத்துத் தொழில் நடத்துபவர் 12. மாதச் சம்பளக்காரர் 31. நூறு நாள் வேலைக்கு 42. மற்ற தினக்கூலிக்கு 51. வேலை தேடுபவர், அல்லது கிடைத்தால் செய்யத் தயாராக இருப்பவர் 81. படிப்பவர் 91. வீட்டு வேலை மட்டும் செய்பவர் 92. வீட்டு வேலையோடு வீட்டுத் தேவைக்கு விறகும் தீவனமும் சேகரிப்பவர், வீட்டாருக்காகத் தைப்பவர், நெய்பவர் 93. இந்த 92, 93 இரண்டும் தொழிலாளர் படைக்கு வெளியே. இன்னொரு எண் 21: குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவர். கணவர் பெயரில் பெட்டிக்கடை, விடிகாலை பால் பாக்கெட் வாங்கி அடுக்குவதிலிருந்து இரவு கடை சாத்துவதுவரை பாதி நேரம் கல்லாவில் மனைவி. அவர் 21. வயலில் கணவரோடு நாற்றுப் பறிக்கும் மனைவியும், அப்பாவின் தறியில் தார் சுற்றிக் கொடுக்கும் மகளும் 21. இவர்கள் வேலையில் இருப்பவர்கள். எண்ணப்பட வேண்டியவர்களே, இவர்கள் உழைப்பில்லாமல் அந்தத் தொழில் ஓடாது.

இனி 2017-18க்கும் 2023-24க்கும் இடையில் என்ன நடந்தது என்று பார்ப்போம். 15 வயதுக்கு மேற்பட்டோரிடையே வேலையின்மை 6.0இலிருந்து 3.2க்கு இறங்கியது. பெண்களின் பங்கேற்பு விகிதம் 23.3இலிருந்து 41.7க்கு ஏறியது. கிராமப்புறப் பெண்களிடையே 24.6இலிருந்து 47.6. ஆறே ஆண்டுகளில் இப்படி ஓர் ஏற்றம் எளிதில் காணக் கிடைப்பதன்று. அரசு இதைச் சாதனை என்றது. வறுமைத் துயரம் என்றனர் விமர்சகர்கள். இரு தரப்பும் வாதாடட்டும். நாம் வெளியான அட்டவணைகளை வைத்துச் சின்ன வகுத்தல் கணக்கு ஒன்றைப் போடலாம். வயதுவந்த பெண்கள் 100 பேர் என்று கொள்ளுங்கள். 2017-18இல் அவர்களில் 22 பேர் வேலையில். 2023-24இல் 40 பேர். கூடுதல் 18 பேர். வேலையிலிருந்த பெண்களில் சுயதொழில் என்ற பெருந்தலைப்பின் கீழ் வந்தவர்கள் அப்போது 51.9 விழுக்காடு, பிறகு 67.4. இதை 100 பேருக்கு மாற்றினால், சுயதொழிலில் அன்று 11 பேர், பின்னர் 27 பேர். மாதச் சம்பளத்தில் இருந்தவர்கள் பங்கு 21.0இலிருந்து 15.9 ஆனது, ஆள்கணக்கில் ஐந்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது ஆறுக்குச் சற்று மேலானது. அதாவது புதிதாக வந்த 18 பேரில் ஏறத்தாழ 16 பேர் சுயதொழிலில் சேர்ந்தார்கள். மாதச் சம்பளத்தில் சேர்ந்தவர்கள் இரண்டு பேர்கூட இல்லை. அந்தச் சுயதொழில் என்ற தலைப்பைப் பிரித்துப் பாருங்கள்: 2023-24இல் வேலையிலிருந்த பெண்களில் 36.7 விழுக்காட்டினர் குறியீடு 21. மூவரில் ஒருவருக்கு மேல்.

இந்த ஏற்றத்துக்கு ஒரே காரணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. களப்பணியாளர்கள் முன்னைவிடத் துருவிக் கேட்கிறார்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். குடும்பத்தில் வருமானம் போதாமல் பெண்களும் வயலில் இறங்கியிருக்கலாம். சமையல் எரிவாயுவும் குடிநீர்க் குழாயும் வந்து சற்று நேரம் மிச்சமாகியிருக்கலாம். ஆனால் கூலி உயர்ந்து, தொழிற்சாலைகள் கதவைத் திறந்து பெண்களை அழைத்ததால் இது நடக்கவில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. அப்படி நடந்திருந்தால் அந்த 16 பேரில் பெரும்பகுதி 31இல் நின்றிருப்பார்கள். விவசாயத்தில் இருப்போரின் பங்கு 2018-19இல் 42.5 விழுக்காடாக இருந்து 2023-24இல் 46.1க்கு ஏறியதும் இதையே காட்டுகிறது. வளரும் பொருளாதாரத்தில் ஆள்கள் வயலை விட்டு வெளியேறுவார்கள் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். இங்கே திரும்பிப் போயிருக்கிறார்கள். நம் மாநிலத்தைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருப்பதாக 2019-20 ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு சொன்னது. திருப்பூரும் ஓசூரும் ஸ்ரீபெரும்புதூரும் கொடுத்த எண் அது. நமக்குப் பெருமைதான். ஆனால் நாட்டின் மற்றப் பகுதிகளில் 31ஆம் குறியீடு பெண்களுக்கு எவ்வளவு எட்டாமல் இருக்கிறது என்பதையும் அதே எண் சொல்கிறது.

களத்தில் இந்தக் குறியீடுகள் எப்படி எழுதப்படுகின்றன என்பதையும் நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் வீட்டில் ஒருவரே எல்லாருக்குமாகப் பதில் சொல்கிறார். “உங்க வீட்டம்மா வேலைக்குப் போறாங்களா?” என்று கேட்டால், “இல்லைங்க, வீட்லதான் இருக்காங்க” என்று பதில் வரும். 92 என்று எழுதி அடுத்த பெயருக்குப் போய்விடலாம். பொறுப்புள்ள களப்பணியாளர் அடுத்த கேள்வியும் கேட்பார்: “மாடு யார் பாக்குறது? பால் சொசைட்டிக்கு யார் ஊத்துறது?” அந்தக் கேள்வியில் 92 மாறி 21 ஆகிறது, நாட்டின் தொழிலாளர் படையில் ஓர் ஆள் கூடுகிறார். அந்தப் பெண்ணின் நாளில் எதுவும் மாறவில்லை. வேலைக்கணக்கு விட்டுவிடும் மறுபாதியைக் காட்டுவது நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. 2024இல் ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். பொருளியல் மாணவர்கள் இந்த இரண்டு கணக்கெடுப்புகளையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அளவுகோலைப் பார்க்காமல் வாசித்தால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு 2020ஐவிடத் தெளிவான சான்று கிடையாது. பொதுமுடக்கம். நெடுஞ்சாலைகளில் மூட்டை முடிச்சோடு நடந்த தொழிலாளர்களை நாம் எல்லாரும் பார்த்தோம். 2019 ஜூலை முதல் 2020 ஜூன் வரையிலான கணக்கெடுப்பின்படி வழக்கமான நிலை வேலையின்மை 5.8இலிருந்து 4.8க்குக் குறைந்தது! அதே கணக்கெடுப்பின் காலாண்டு அறிக்கையில், 2020 ஏப்ரல்-ஜூனில் நகர்ப்புறத்தின் நடப்பு வார நிலை வேலையின்மை ஏறத்தாழ 21 விழுக்காடு. முரண்பாடு எதுவும் இல்லை. 365 நாளைக் கேட்கும் கேள்விக்கு மூன்று மாத வீழ்ச்சி சிறிதாகத்தான் தெரியும். அதற்குள் ஊர் திரும்பியவர் அண்ணன் வயலில் இறங்கியிருந்தால் அவரும் வேலையில் இருப்பவர்தான். கடந்த வாரத்தைக் கேட்ட கேள்விதான் அந்த நாள்களின் பாட்டைப் பிடித்தது.

வேறு சில எண்களும் செய்தித்தாளில் வேலைவாய்ப்புக் கணக்கு என்ற பெயரில் உலவுகின்றன. அவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்திருப்போர் எண்ணிக்கை வேலையில்லாதோர் எண்ணிக்கை ஆகாது. தனியார் வேலையில் இருந்துகொண்டே அரசு வேலைக்காகப் பதிவைப் புதுப்பித்து வருபவர்கள் ஏராளம், பதிவே செய்யாத கூலித் தொழிலாளர்கள் அதைவிட ஏராளம். வருங்கால வைப்பு நிதியில் மாதந்தோறும் சேரும் உறுப்பினர் எண்ணிக்கையைப் புதிய வேலைகள் என்று சொல்வதும் பிழை. 19 பேர் வேலை செய்த நிறுவனத்தில் இருபதாவது ஆள் சேர்ந்தால் சட்டம் அந்த நிறுவனத்துக்குப் பொருந்தத் தொடங்குகிறது. இருபது பேரும் புது உறுப்பினர்களாகக் கணக்கில் வரலாம். உருவான வேலை ஒன்று. ரிசர்வ் வங்கி 2024 ஜூலையில் வெளியிட்ட தரவில் 2023-24இல் வேலையில் இருப்போர் 64.33 கோடி, ஒரே ஆண்டில் கூடியது 4.67 கோடி என்று வந்தது. மாதிரிக் கணக்கெடுப்பு தருவது விகிதங்களை. கோடிக்கணக்காக மாற்ற மக்கள்தொகையால் பெருக்க வேண்டும். நம்மிடம் உள்ள கடைசி மக்கள்தொகைக் கணக்கு 2011ஆம் ஆண்டினுடையது. அதற்குப் பிந்தையது எல்லாம் கணிப்பு. கோடியில் சொல்லப்படும் எந்த வேலை எண்ணையும் 2027 கணக்கெடுப்பு வரும்வரை நான் பொறுத்திருந்தே ஏற்பேன். அந்தத் தொகையிலும் குறியீடு 21 அடங்கியிருக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

எண்கள் எப்படி எடுக்கப்பட்டன என்பதோடு, எப்போது வெளியே வந்தன என்பதும் பொதுமக்களின் அக்கறைக்குரியது. காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் முதல் ஆண்டறிக்கை தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் ஒப்புதலைப் பெற்ற பிறகும் வெளியிடப்படவில்லை. 2019 ஜனவரியில் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி. சி. மோகனனும் உறுப்பினர் ஜே. வி. மீனாட்சியும் பதவி விலகினார்கள். தேர்தல் முடிந்து, மே 31 அன்று அறிக்கை வந்தது. நாளிதழில் முன்பே கசிந்த, எல்லா வயதினரையும் சேர்த்த 6.1 விழுக்காடுதான் அதிலும் இருந்தது. அமெரிக்காவில் 2025 ஆகஸ்டு 1 அன்று, மே, ஜூன் மாத வேலை எண்ணிக்கை 2,58,000 குறைத்துத் திருத்தப்பட்டதை அடுத்து, தொழிலாளர் புள்ளியியல் அமைப்பின் தலைவரை அதிபர் பதவிநீக்கம் செய்தார். திருத்தம் என்பது அங்கே வழக்கமான நடைமுறை; பதில் அனுப்பத் தாமதித்த நிறுவனங்களின் விவரம் வந்துசேரும்போது எண் மாறும். கணக்கெடுத்தவரைத் தண்டித்தால் அடுத்த கணக்கை எவர் துணிந்து வெளியிடுவார்? புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பைத் தொடங்கியபோது உலகமே இந்தியாவிடம் கற்றுக்கொள்ள வந்தது. அந்த மரபின் மேல் எனக்குள்ள மதிப்பினால்தான் 2019ஐ இவ்வளவு வருத்தத்தோடு சொல்கிறேன்.

2025 ஜனவரி முதல் கணக்கெடுப்பு மாற்றி அமைக்கப்பட்டிருக்கிறது. முன்பு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் வீடுகள். இப்போது ஏறத்தாழ 2.7 லட்சம். கிராமம், நகரம் இரண்டுக்கும் மாதந்தோறும் எண் வருகிறது. முதல் மாத அறிக்கை 2025 ஏப்ரலுக்கானது: 5.1 விழுக்காடு. 3.2இலிருந்து 5.1க்கு ஏறிவிட்டதாகச் சிலர் பதறினார்கள். ஏறவில்லை. 3.2 என்பது ஆண்டைக் கேட்ட எண், 5.1 என்பது வாரத்தைக் கேட்ட எண். மாதிரியும் மாறியிருப்பதால் பழைய காலாண்டு எண்களோடும் இதை நேராக ஒப்பிட முடியாது. இந்தப் புது வரிசையை அதன் முந்தைய மாதங்களோடு மட்டுமே, அதுவும் பருவத்தை மனத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

இங்கே இருக்கும் மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்து நிறுத்திக்கொள்கிறேன். புதிய வடிவமைப்பில் பெரும்பாலும் மாவட்டமே மாதிரி எடுக்கும் அடிப்படை அலகு. பெயரும் முகவரியும் நீக்கப்பட்ட ஆள்வாரித் தரவைப் புள்ளியியல் அமைச்சகம் தன் இணையதளத்தில் கட்டணமின்றித் தருகிறது. அதை இறக்கி, உங்கள் மாவட்டத்தில் 11, 21, 31, 51 ஒவ்வொன்றிலும் ஆணும் பெண்ணும் எத்தனை பங்கு என்று பாருங்கள். மாதிரி சிறிதாக இருந்தால் அதையும் எழுதுங்கள். பிறகு வருமானப் பகுதிக்குப் போங்கள். நாடு முழுமைக்கும் 2023-24இல் மாதச் சம்பளக்காரரின் சராசரி ஏறத்தாழ 21,000 ரூபாய், சுயதொழில் செய்பவருடையது ஏறத்தாழ 13,000. இந்த 13,000 யாருடைய உழைப்புக்கு வந்தது என்று தேடிப் பாருங்கள். 11க்கும் 12க்கும் வருமானம் கேட்டு எழுதப்படுகிறது. 21க்குக் கேட்கப்படுவதில்லை, பெட்டிக்கடையில் இருவர் உழைத்த காசு ஒருவர் பெயரில் மட்டும் நிற்கிறது. அதை இருவருக்கும் பங்கிட்டுச் சராசரியைத் திரும்பக் கணக்கிடுங்கள். உங்களுக்குக் கிடைக்கும் எண் எதுவானாலும் அதை ஒரு கட்டுரையாக எழுதி இந்தப் பொருளியல் துறையிடம் கொடுங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடையில் பேச வருபவர் அந்தக் கட்டுரைகளிலிருந்து தொடங்கலாம்.